முகம் வைக்காத பாண்

சான்ற அனா மலைக் கிராமம்,
குவாத்தமாலா.
9 மார்ச் 1986

அன்புள்ள தம்பி நீக்கிலாசுக்கு,

மடு மாதாவின் காவலில் நீ சுகமாக இருப்பாய் என்று நம்பி அக்கா லூசியா எழுதுகிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை. மலைக்குளிர்தான் முழங்காலைப் பிடிக்கிறது. பாரிசில் பனி விட்டுவிட்டதா? காதை மூடித் தொப்பி போடுகிறாயா? போடமாட்டாய், எனக்குத் தெரியும்.

கன்னியர் மடத்தார் என்னைத் தலைநகரிலிருந்து இந்த மலைக்கு மாற்றிவிட்டார்கள். இங்கே இருப்பவர்கள் மாயா இனத்து மக்கள். முதுகில் பிள்ளையையும் தலையில் விறகையும் வைத்துக்கொண்டு இந்தப் பெண்கள் மலை ஏறுகிற வேகத்தைப் பார்த்தால் வாயைப் பிளந்துகொண்டு நிற்பாய். பலருக்குப் புருஷன் இல்லை. சண்டைக் காலத்தில் பட்டாளத்தார் சிலரைக் கொன்றார்கள், சிலரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். கூட்டிக்கொண்டு போனவர்களில் ஒருவரும் திரும்பவில்லை.

இப்போது இந்தப் பெண்கள் கோதுமை மாவில் பாண் சுட்டு விற்கப் போகிறார்களாம்! இவர்களும் ஸ்பானிய மொழியில் அதைப் பான் என்றுதான் சொல்கிறார்கள், கேட்க ஆசையாயிருக்கிறது. மலைக்குப் பாண் பட்டணத்திலிருந்து லொறியில் வருகிறது. வந்து சேரும்போது கல்லாகிவிடும். பெண்களுக்குத் தலைவி பெத்ரோனா என்பவள். ஊர்ச்சபை ஆண்கள் சும்மா கிடந்த கொட்டகை ஒன்றை அவளுக்குக் கொடுத்திருக்கிறார்கள், ஒரு நிபந்தனையோடு. நவம்பர் இரண்டாம் திகதி இறந்தோர் திருநாள். அன்றைக்கு இங்கே வீட்டுக்கு வீடு இறந்தவர்களுக்குப் பாண் படைப்பார்கள். அந்தப் பாண் முழுவதும் இவர்களுடைய அடுப்பிலிருந்து வரவேண்டும். வராவிட்டால் கொட்டகை சபையின் சீமெந்து மூட்டைகளை அடுக்கப் போய்விடும். பெத்ரோனாவுக்கு வேறு இடமும் இல்லை, வேறு பிழைப்பும் இல்லை.

எனக்குப் பாண் தின்னத்தான் தெரியும். நீ பேக்கரியில் வேலை செய்கிறாய். உன் முதலாளியிடம் வழி கேட்டு எழுது. மாவைப் பொங்கவைக்கிற ஈஸ்ற் இந்த மலைக்கு வருவதில்லை.

தம்பி வின்சன்ற் பற்றி ஏதும் அறிந்தாயா? தை மாதம் கடலுக்குப் போய்த் திரும்பாத பிள்ளை. அம்மாவும் அப்புவும் போனபின் நாங்கள் மூன்று பேர்தானே. மன்னார், பேசாலைப் பக்கத்திலிருந்து வருகிறவர்களைக் கண்டால் விடாமல் கேள்.

ஆண்டவர் உன்னோடு இருப்பாராக.
அக்கா லூசியா


லா சப்பல், பாரிஸ்.
2 ஏப்ரல் 1986

அன்பான அக்காவுக்கு,

தம்பி நீக்கிலாஸ் வணக்கத்தோடு எழுதுவது. உயிரோடு இருக்கிறேன், உத்தியோகமும் இருக்கிறது. தொப்பியும் போடுகிறேன், சத்தியமாக. முழங்காலுக்கு நல்லெண்ணெய் பூசுங்கள். அங்கே அது இல்லையென்றால் கிடைக்கிற எண்ணெயைப் பூசுங்கள்.

உங்கள் கடிதத்தை வாசித்துச் சிரித்த சிரிப்பில், வேலை முடிந்து படுத்திருந்த அறைப் பெடியள் எழும்பிவிட்டார்கள். அக்கா, ஒருமுறை நீங்கள் சுட்ட ரொட்டியை வள்ளத்துக்கு நங்கூரமாகத் தரச்சொல்லி வின்சன்ற் கேட்டது நினைவிருக்கிறதா? அந்த நீங்களா பேக்கரி போடுகிறீர்கள்!

உள்ளதைச் சொல்கிறேன். நான் பாண் போடுகிறவன் இல்லை. மா மூட்டை தூக்குகிறவன், தட்டுக் கழுவுகிறவன். ஆனாலும் கண் இருக்கிறதே, பார்க்கிறேன். முதலாளி ஜெர்மேன் பெரிய முசுடு. பயந்து பயந்துதான் உங்கள் கதையைச் சொன்னேன். மனிசன் கைவேலையை நிறுத்திவிட்டார்.

"நீக்கோலா, ஈஸ்ற் இல்லையெண்டே உன்ரை கொக்கா அழுகிறா? ஈஸ்ற் நேற்று வந்த சாமான். என்ரை அப்பா அதைக் கண்ணாலையும் காணேல்லை."

சொல்லிவிட்டு ஒரு மண்சட்டியைத் திறந்து காட்டினார். மாவும் தண்ணீரும் மட்டும்தான். ஒவ்வொரு நாளும் ஒரு பிடியை மிச்சம் வைத்து, அதற்குப் புது மா ஊட்டி ஊட்டி, தகப்பன் காலத்திலிருந்து வளர்க்கிறாராம். தாய் மா என்று வைத்துக்கொள்ளுங்கள். அக்கா, அது மூச்சு விடுகிறது! மேலே கொப்புளம் வந்து உடைகிறது. எனக்கு மயிர் கூச்செறிந்தது.

அதில் கொஞ்சத்தைத் துணியில் பூசிக் காயவைத்துத் தூளாக்கித் தந்தார். இத்தோடு வருகிறது. "செத்தமாதிரிக் கிடக்கும். தண்ணியும் மாவும் காட்டினால் எழும்பும்" என்கிறார். செய்முறையை மறுபக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

வின்சன்ற் பற்றி ஒன்றும் இல்லை. இங்கே நம் ஊர்ச் சாமான் விற்கிற குணரத்தினம் அண்ணையின் கடைக்கு வருகிற மன்னார் ஆட்கள் எல்லோரையும் மறித்துக் கேட்கிறேன்.

உங்கள் செபத்தை நம்பியிருக்கும்,
நீக்கிலாஸ்


சான்ற அனா
4 மே 1986

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கண்டு பாதிச் சுகம் வந்தது. எண்ணெய் பூசியதில் மீதியும் வந்தது.

பாண் சுடுகிற போறணை கட்டியாயிற்று! நீ பார்த்திருக்கவேண்டும். பெண்கள் எல்லோரும் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மண்ணையும் வைக்கோலையும் மிதித்தார்கள். வாழ்க்கையில் ஒருத்தியும் போறணை கட்டியவள் இல்லை. வளைவை எப்படி நிறுத்துவது என்று நான் திகைத்து நிற்க, பெத்ரோனா ஒரு பெரிய கூடையைக் கவிழ்த்து அதன்மேல் மண்ணைப் பூசினாள். பிறகு உள்ளே நெருப்பு வைத்துக் கூடையை எரித்துவிட்டாள். வளைவு நின்றது. நான் முழந்தாளிட்டுவிட்டேன், தம்பி.

ஆனால் பாண் வரவில்லை. உன் முதலாளியின் தூளை நீ எழுதியபடிதான் கரைத்தோம். அசையவே இல்லை. இரண்டாம் தரமும் அப்படித்தான். பிடிவாதமாகச் சுட்டுப் பார்த்தோம். வின்சன்ற் இருந்தால் நங்கூரம் என்றே கொண்டுபோயிருப்பான். தூள் கடல் கடந்து வரும்போது செத்துவிட்டதோ?

சபைத் தலைவர் நேற்று வந்து, எத்தனை மூட்டை சீமெந்து பிடிக்கும் என்று கொட்டகையை அளந்துவிட்டுப் போனார். அவர் அளந்து முடிக்கும்வரை பெத்ரோனா நிலத்தைக் கூட்டிக்கொண்டே இருந்தாள். 

வின்சன்ற்றைப் பற்றி ஒரு சொல்லாவது எழுது.

அன்புடன்,
அக்கா


லா சப்பல்
27 மே 1986

அன்பான அக்காவுக்கு,

நான் சுகம், முதலாளிதான் சுகமில்லை. தூள் செத்துவிட்டது என்று நீங்கள் எழுதியதைச் சொன்னேன், மனிசனுக்கு ரோசம் வந்துவிட்டது. ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம் என்று நம் ஊரில் சொல்வதை அவர் பாஷையில் ஏதோ சொன்னார். அதே தூளில் மிச்சமிருந்ததை என் கண்முன்னே கரைத்தார். மறுநாள் சட்டியை விட்டு வெளியே வழிந்தது. ஆகவே பிழை உங்கள் பக்கம்தான், சிஸ்ரர் அம்மா.

அவர் சொல்லச்சொன்னது இது. "விடியத் தண்ணி அள்ளுறதிலையிருந்து எழுதச்சொல்லு. ஆர் என்ன செய்யினம், எந்தச் சட்டியிலை கரைக்கினம், எல்லாம். தேவையில்லை எண்டு நினைக்கிறதைத்தான் முதல்லை எழுதவேணும்."

அப்படியே எழுதுங்கள். நவம்பருக்கு இன்னும் நாள் இருக்கிறது. இப்போது நான் கேட்காமலே முதலாளி கேட்கிறார், "மலையிலையிருந்து கடிதம் வந்ததோ?" என்று.

வின்சன்ற் பற்றிச் செய்தி இல்லை அக்கா. செய்தி இல்லாததும் நல்லதுதானே.

என்றும்,
நீக்கிலாஸ்


சான்ற அனா
20 ஜூன் 1986

அன்புத் தம்பிக்கு,

மழை தொடங்கிவிட்டது. இருமல் கொஞ்சம், வேறொன்றும் இல்லை. உன் முதலாளிக்கு என் மன்னிப்பைச் சொல். அவர் சொன்னபடியே எழுதுகிறேன், சிரிக்காதே.

விடிய மிக்கேலா ஊற்றில் தண்ணீர் அள்ளுவாள். கோதுமை மாவைப் பெத்ரோனா அரிப்பாள். பிறகு எல்லோரும் சிலுவை போட்டுக்கொள்வார்கள். சோளம் அவிக்கிற பானையிலிருந்து ஒரு கோப்பை சுண்ணாம்புத் தண்ணீர் எடுத்து மாவில் விடுவார்கள். அதன்பிறகு தூளைக் கரைத்துச் சேர்ப்பார்கள். சட்டி புதுச்சட்டி. துணி வெயிலில் காய்ந்த துணி. அடுப்படிக்குப் பக்கத்தில் மூடி வைப்பார்கள். இதில் எங்கே பிழை?

சுண்ணாம்பு ஏன் என்று கேட்பாயோ தெரியாது. இங்கே சோளத்தைச் சுண்ணாம்பில் அவித்துத்தான் அரைப்பார்கள். பெத்ரோனா சொல்வாள், "சுண்ணாம்பு காணாத தானியம் மனுசருக்கு ஆகாது சிஸ்ரர், பண்டி, மாட்டுக்குத்தான் போடவேணும்." கோதுமையும் தானியம்தானே. வெற்றிலை போடுகிற சனத்தில் பிறந்த எனக்கு அது வித்தியாசமாகவே படவில்லை.

விரைவாய் எழுது. சீமெந்துக்காரர் வாசலில் நிற்கிறார்கள் போல எனக்குக் கனவு வருகிறது.

மாதா துணை.
அக்கா


லா சப்பல்
14 ஜூலை 1986

அன்பான அக்காவுக்கு,

இன்று இவர்களின் தேசியத் திருநாள். பேக்கரி பூட்டு, மேலே விமானங்கள் இரைகின்றன. நான் நல்ல சுகத்தோடு உட்கார்ந்து எழுதுகிறேன்.

சுண்ணாம்பு! ஐயோ அக்கா, சுண்ணாம்பு! நான் வாசித்துச் சொல்ல, முதலாளி மா மூட்டைமேல் இருந்துவிட்டார். தாய் மா உயிருள்ள சாமான், சுண்ணாம்பு அதை அவித்துக் கொன்றுவிடும். பச்சைப்பிள்ளைக்குச் சுண்ணாம்புப் பால் பருக்கினது போலச் செய்திருக்கிறீர்கள்!

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. உடுப்பில் ஒட்டிய மாவைத் தட்டிவிட்டு எழும்பிச் சொன்னார், "சிரியாதை நீக்கோலா. தானியத்தைச் சும்மா தின்னக்கூடாது, அதுக்கொரு மரியாதை செய்யவேணும் எண்டு நினைக்கிற பெண்டுகள். எனக்கு அப்பிடி வேலையாள் ஒருத்தரும் கிடைக்கேல்லை." என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

இன்னொரு பொதி தூள் அனுப்புகிறேன். சுண்ணாம்பைப் பக்கத்திலும் விடாதீர்கள்.

பேசாலை இராயப்பு பாரிஸ் வந்துவிட்டானாம். வின்சன்ற்றோடு ஒரே வாடியில் மீன்பிடித்தவன். திரான்சியில் யாரோ வீட்டில் நிற்கிறான். ஞாயிற்றுக்கிழமை போய்க் கண்டுவிட்டு உடனே எழுதுகிறேன்.

அன்புத் தம்பி,
நீக்கிலாஸ்


சான்ற அனா
8 ஓகஸ்ட் 1986

என் அருமைத் தம்பிக்கு,

சுகம் விசாரிக்கவும் பொறுமை இல்லை. பொங்கிவிட்டது!

சுண்ணாம்பு கூடாது என்று சொன்னதும் பெத்ரோனாவின் முகம் சுருங்கிவிட்டது. வீட்டுக்குப் போய்விட்டாள். எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன். மறுநாள் ஒரு வாளியோடு வந்தாள். உள்ளே சுண்ணாம்பு!  அவள் போறணைக்குப் போய், அதன் வாயைச் சுற்றி வெள்ளை வெளேரென்று பூசினாள். "முதல்லை உயிர் வரட்டும் சிஸ்ரர். உள்ளுக்குப் போகேக்கை பாண் சுண்ணாம்பைக் கண்டிட்டுப் போகட்டும். காணவேணும், அவ்வளவுதான்" என்றாள். நானும் வாளியைப் பிடித்துக்கொண்டேன்.

பிறகு தூளைக் கரைத்தோம். மூன்றாம் நாள் காலையில் மிக்கேலா கத்திக்கொண்டு ஓடிவந்தாள். சட்டியில் கொப்புளம்! தாய் மா மூச்சு விடுகிறது, நீ எழுதியது போலவே.  பெத்ரோனா தன் முதுகுத் துணியை அவிழ்த்து, பிள்ளையைப் போர்த்துவது போலச் சட்டியைப் போர்த்தினாள். பாரிசில் ஒரு மனிதரின் தகப்பன் வளர்த்தது, காகிதத்தில் செத்துக் கிடந்தது, இந்த மலையில் எழும்பிவிட்டதே! உயிர்ப்பைப் பற்றி இவ்வளவு காலம் பிள்ளைகளுக்குப் படிப்பித்த நான் அன்றைக்குத்தான் நடுங்கிப்போனேன்.

பாண் பஞ்சு. அழுதுகொண்டே தின்றேன். ஜெர்மேன் ஐயாவின் கையை எனக்காக முத்தமிடு.

இராயப்பு என்ன சொன்னான்?

அக்கா


சான்ற அனா
7 செப்டெம்பர் 1986

அன்புத் தம்பிக்கு,

உன் சுகம் அறியாமல் தவிக்கிறேன். ஜூலைக்குப் பிறகு உன் கடிதம் ஒன்றும் இல்லை. காய்ச்சலோ? வேலையில் ஏதும் கரைச்சலோ?

இங்கே நாள்தோறும் பாண் போடுகிறோம். லொறிக்காரன் காய்ந்த பாணைத் திருப்பிக் கொண்டுபோகிறான். திருநாளுக்கு ஊர் முழுவதற்கும் போட முடியுமா என்பதுதான் இனிப் பயம். பெத்ரோனா ஒரு வழக்கம் தொடங்கியிருக்கிறாள். இறந்தவருக்கு ஒரு பாண், அதற்குக் கறுப்பு அவரையில் இரண்டு கண்ணும் மாவில் ஒரு வாயும் வைத்து முகம் செய்கிறாள். "தங்கடை பாணைத் தாங்களே அடையாளம் காணவேணும்" என்கிறாள்.

அப்போதுதான் மிக்கேலா கேட்டாள், "உன்ரை மனுசனுக்கு?" பெத்ரோனாவின் புருஷனைக் கூட்டிக்கொண்டு போய் நாலு வருஷம். செத்தான் என்று ஒருவரும் வந்து சொல்லவில்லை. இதுவரை அவனுக்காக அவள் ஒன்றும் படைத்ததில்லை. படைத்தால் அவனைச் சாகக் கொடுத்தது போல. எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டோம்.

பெத்ரோனா ஒரு துண்டு மாவை எடுத்து உருட்டினாள். கண் வைக்கவில்லை, வாய் வைக்கவில்லை. "இது முகம் வைக்காத பாண். படையலுக்கு இல்லை. கடைசியாப் போட்டு, போறணைக்குள்ளையே விட்டிட்டு வாயை மூடுவம். எப்ப நடந்து வந்தாலும் சூடாக் கிடக்கவேணும்" என்றாள். காணாமற்போனவர்கள் உள்ள வீட்டுப் பெண்கள் எல்லோரும் ஓடிவந்து ஆளுக்கொரு துண்டு எடுத்தார்கள். நான் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பிறகு அவள் என்னைக் கேட்டாள், "சிஸ்ரர், கடலுக்குப் போன உங்கடை தம்பிக்கு எந்தப் பாண்?"

இதை உன்னிடமே கேட்கிறேன். உனக்குத் தெரிந்தால் எழுது.

அக்கா லூசியா


லா சப்பல்
28 செப்டெம்பர் 1986

அன்பான அக்காவுக்கு,

நான் சுகம். பயப்படவேண்டாம். பிந்தியதற்கு மன்னியுங்கள். இங்கே இந்த மாதம் குண்டுகள் வெடித்தன. மெற்றோ ரயில் வாசல்களில் பொலிஸ் அடையாளப் பேப்பர் கேட்கிறது. வேலைக்கும் அறைக்கும் தவிர வெளியே போவதில்லை.

பாண் எழும்பிய கதையை முதலாளிக்கு மூன்று தரம் வாசித்துக் காட்டினேன். கண்ணைத் துடைத்துவிட்டு, மாத்தூள் விழுந்துவிட்டது என்றார். இப்போது என்னை மா பிசைய விடுகிறார். நேற்று நான் உருட்டிய பாண் கடைக் கண்ணாடிக்குள் இருந்தது, தெரியுமா? திருநாளுக்கு நிறையப் போடுவதென்றால் முதல்நாளே தாய் மாவை இரட்டிப்பாக்கச் சொல்கிறார். போறணையில் விறகைத் தணலாக்கி வழித்துவிட்டுப் போடவேண்டுமாம்.

குளிர் தொடங்கிவிட்டது. தொப்பி போடுகிறேன். இருமலுக்குக் கொத்தமல்லி அவித்துக் குடியுங்கள்.

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

நீக்கிலாஸ்


தந்தி
பாரிஸ், 21 ஒக்ரோபர் 1986

லூசியா அக்காவுக்கு. வின்சன்ற் பாணுக்கு முகம் வைக்கவும். நீக்கிலாஸ்.


லா சப்பல்
21 ஒக்ரோபர் 1986

என் அக்காவுக்கு,

இந்தக் கடிதம் திருநாளுக்குப் பிந்தித்தான் வரும். அதனால்தான் தந்தி அடித்தேன்.

ஜூலை மாதமே எனக்குத் தெரியும். திரான்சியில் இராயப்பு என்னைக் கண்டதும் எழும்பி நின்றான். அப்போதே விளங்கிவிட்டது. மாசி மாதம் வின்சன்ற்றின் உடலைக் கடல் கரையில் கொண்டுவந்து விட்டதாம். இராயப்புதான் தூக்கி, இராயப்புதான் மண் போட்டானாம். சாமியார் வந்து செபித்தாராம். அவன்தான், ஐமிச்சமே இல்லை அக்கா.

எப்படி எழுதுவேன்? ஒருபக்கம் நீங்கள் உயிர் வந்தது, உயிர் வந்தது என்று எழுதுகிறீர்கள். நான் எழுதாமல் விட்டால் அந்த மலையில் மட்டுமாவது அவன் உயிரோடு இருப்பான் என்று நினைத்தேன். விசர்தான். பிறகு உங்கள் முகம் வைக்காத பாண் கடிதம் வந்தது. காத்திருக்க உரிமையுள்ள பெண்களின் பாண் அது. செத்தது தெரிந்துகொண்டும் அவனை அந்த வரிசையில் நிற்கவைக்க எனக்கு மனம் வரவில்லை. அவன் பசியோடு நிற்பான். அவனுடைய பாண் படையலில் இருக்கவேண்டும்.

முதலாளியிடம் சொன்னேன். தந்தி அடிக்க அவரே என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அழுகிறேன் அக்கா, வேறு ஒன்றும் எழுத வரவில்லை.

உங்கள் நீக்கிலாஸ்


சான்ற அனா
3 நவம்பர் 1986

என் கண்ணான தம்பிக்கு,

ஆண்டவர் உன்னைத் தாங்குவாராக. என்னைத் தாங்குகிறார். உன் தந்தி பட்டணத்துக்கு வந்து, அங்கிருந்து பாண் லொறிக்காரன் கையில் ஏறி, திருநாளுக்கு முதல்நாள் காலை எங்கள் கொட்டகைக்கு வந்தது. பிரித்து வாசித்தேன். பெத்ரோனா என் முகத்தைப் பார்த்தாள்.  மாவில் ஒரு பெரிய துண்டை எடுத்து என் கையில் வைத்தாள்.

கண்களை நான்தான் வைத்தேன், தம்பி. வாயை மட்டும் எனக்கு வைக்க வரவில்லை. "எப்பிடிச் சிரிப்பார்?" என்று பெத்ரோனா கேட்டாள். இடப்பக்கம் கோணிச் சிரிப்பான் என்றேன். அப்படியே வைத்தாள். வெந்து வந்தபோது அவனேதான். கத்தி அழுதேன். பெண்கள் எல்லோரும் என்னோடு இருந்து அழுதார்கள், தங்கள் வீட்டுப் பிள்ளைக்கு அழுவது போல.

ஊர் முழுவதற்கும் பாண் போட்டுவிட்டோம். ஒரு வீடும் குறையவில்லை. சபைத் தலைவர் தன் தாயின் பாணை வாங்க வந்தார். அதன் முகத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு கொட்டகைப் பூட்டின் திறப்பைப் பெத்ரோனாவின் கையில் கொடுத்துவிட்டுப் போனார். இனிச் சீமெந்துக்கு வேறு இடம் பார்ப்பார்கள். இதை ஜெர்மேன் ஐயாவுக்கு முதலில் வாசித்துக் காட்டு.

வின்சன்ற்றின் பாண் பெத்ரோனா வீட்டுப் படையலில், அவளுடைய தாய் தகப்பனின் பாணுக்குப் பக்கத்தில் இருந்தது. இன்று காலை வழக்கப்படி அதைப் பிட்டு எல்லோரும் தின்றோம். நங்கூரம் இல்லையடா தம்பி, பஞ்சு. அவன் நம்பியிருக்கமாட்டான்.

நேற்று இரவு கடைசியாக முகம் வைக்காத பாண்களைப் போட்டார்கள். பெத்ரோனா தன்னுடையதை உள்ளே வைத்தாள். பிறகு இன்னொன்றை உருட்டினாள். இது யாருக்கு என்று கேட்டேன்.

"பாரிசிலை இருக்கிறவருக்கு. அவரும் வீடு திரும்பாத ஆள்தானே சிஸ்ரர்" என்றாள்.

அதையும் உள்ளே தள்ளிப் போறணையின் வாயை மூடினாள். தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். இன்னும் சூடாக இருக்கிறது. தொப்பி போடு.

உன் அக்கா லூசியா